காபி மணம் மாறாமல் இருக்க: பை பிரித்த நாள் முதல் கடைசிக் கரண்டி வரை

புதுக் காபிப் பையின் வாயைக் கத்தரித்ததும் அறை முழுக்க வாசனை பரவும். அதே பையை மூன்று வாரம் கழித்துத் திறந்தால், மூக்கை உள்ளே நுழைத்துத் தேட வேண்டியிருக்கிறது. போடுகிற அளவு அதேதான், தண்ணீரும் பாத்திரமும் அதேதான். ஆனால் கோப்பையில் இருப்பது சவசவவென்று, கசப்பு மட்டும் நாக்கில் நிற்கிற ஏதோ ஒன்று. இந்த இடத்தில் பலர் வேறு காபிக்கு மாறுவார்கள், இல்லாவிட்டால் தூளைக் கூட்டிப் போடுவார்கள். நானும் பல வருடம் தூளைக் கூட்டித்தான் போட்டேன். கசப்பு கூடியதே தவிர, போன மணம் திரும்பவில்லை.

தப்பு காபியில் இல்லை, வைத்திருந்த விதத்தில் இருந்தது என்று புரிய எனக்கு நாளாயிற்று. புரிந்ததும் முதலில் செய்தது நல்ல டப்பா தேடியதுதான். அதுவும் பாதி வழிதான். காபியைக் காப்பாற்றுவதில் டப்பாவுக்கு முன்னால் இரண்டு விஷயங்கள் வருகின்றன: ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குகிறோம், வாங்கியதை எத்தனை தடவை திறக்கிறோம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண டப்பாவே போதும். இரண்டும் தவறினால் எந்த டப்பாவும் கைகொடுக்காது.

வறுத்த காபிக்கு என்ன ஆகிறது?

வறுத்த கொட்டையில் ஈரம் மிகக் குறைவு. எடையில் சில சதவீதம்தான். அதனால் பால் திரிவது போலவோ பழம் அழுகுவது போலவோ காபி கெடுவதில்லை. உலர்ந்த நிலையில் கிருமி வளர அதில் இடமில்லை. பழைய காபியைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, நனைந்து பூஞ்சை பிடிக்காதவரை. ஆனால் மணம் போய்விடும். அது மூன்று வழிகளில் நடக்கிறது.

முதலாவது, ஆவியாகிப் போவது. வறுத்த காபியில் 800-க்கும் மேற்பட்ட மணச்சேர்மங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றில் சில மிகவும் இலேசானவை. புதிதாக அரைத்த காபியின் முதல் வாசனைக்கு முக்கியக் காரணமான மெத்தனெத்தியால் என்ற கந்தகச் சேர்மத்தின் கொதிநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ். அறை வெப்பத்தில் அது வாயு. கதவு திறந்தால் முதலில் வெளியேறுவது அதுதான்.

இரண்டாவது, ஆக்ஸிஜன். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். ஒரு லிட்டர் டப்பா காலியாக இருந்தால் அதில் ஏறக்குறைய 210 மில்லி ஆக்ஸிஜன் உட்கார்ந்திருக்கிறது. அது மணச்சேர்மங்களையும் தாக்கும், காபியின் எண்ணெயையும் தாக்கும். அராபிகா கொட்டையில் சுமார் 15 சதவீதம் எண்ணெய், ரோபஸ்டாவில் சுமார் 10 சதவீதம். பழைய எண்ணெயில் வரும் அந்தச் சிக்கு வாடை பழைய காபியிலும் வருவதற்கு இதுதான் காரணம். மணம் முதல் சில வாரங்களில் மங்கும். சிக்கு வாடை அதற்குப் பிறகு மெதுவாகத் தலைகாட்டும்.

மூன்றாவது, ஈரம். வறுத்த காபி பஞ்சு மாதிரி துளைகள் நிறைந்தது. சுற்றியுள்ள ஈரத்தையும் இழுக்கும், பக்கத்தில் இருப்பவற்றின் வாடையையும் இழுக்கும். பிஸ்கட் நமுத்துப்போவது போலக் காபியும் நமுத்துப்போகும். ஈரம் ஏறினால் மற்ற வேதிவினைகளும் வேகமெடுக்கும். வெப்பமும் வெளிச்சமும் இந்த மூன்றையும் முடுக்கிவிடுகிற துணைக்காரணங்கள்.

இவற்றுக்கு எதிராகக் காபியிடமே ஒரு காவல் உண்டு. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு உண்டாகி அடைபட்டு நிற்கிறது. ஒரு கிலோவுக்குச் சில லிட்டர் அளவுக்கு. அது நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்போது, உள்ளே வர முயலும் ஆக்ஸிஜனைத் தள்ளி நிறுத்துகிறது. கொட்டையை அரைத்தால் இந்தக் காவல் ஒரே நிமிடத்தில் கலைந்துவிடும். தூளின் நைசைப் பொறுத்து, உள்ளே இருந்த வாயுவில் கால்பங்கிலிருந்து பாதிக்கு மேல்வரை அரைக்கும்போதே போய்விடுகிறது. கொட்டைக்கு வாரக்கணக்கு என்றால் தூளுக்கு நாள்கணக்கு என்று சொல்வது இதனால்தான்.

படி 1: கணக்குப் போட்டு வாங்குங்கள்

எத்தனை நாளில் தீரும் என்று தெரியாமல் காபி வாங்காதீர்கள். ஒரு கோப்பைக்குச் சுமார் 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு கோப்பை போடும் வீட்டில் 30 கிராம். 250 கிராம் பை எட்டு நாளில் முடியும். நாலு கோப்பை என்றால் நாலே நாள். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். ஒரு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால் சரியான எண் கிடைத்துவிடும், பிறகு ஊகம் தேவையில்லை.

என் அளவுகோல் இதுதான். கொட்டையாக வாங்கினால், பை பிரித்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தீர்கிற அளவு. தூளாக வாங்கினால் ஒரு வாரத்துக்குள், மிஞ்சினால் பத்து நாள். அதற்கு மேல் வாங்குவதாக இருந்தால் அந்தக் கூடுதலை ஃப்ரீஸருக்கு என்று முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். பெரிய பையாக வாங்கினால் மலிவு என்பது உண்மைதான். ஆனால் கடைசிப் பாதியைச் சுவையில்லாமல் குடிப்பதானால் அந்த மலிவுக்கு அர்த்தமில்லை.

கொட்டையா தூளா என்று கேட்டால், வீட்டில் அரைக்க வசதி இருக்கிறவர்கள் கொட்டையே வாங்குங்கள் என்பேன். இந்த வழிகாட்டியில் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும், அவ்வப்போது அரைப்பதால் கிடைக்கும் பலனை எட்டாது. வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம்; தூளைக் காக்கவும் வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

படி 2: பையைப் படியுங்கள்

வறுத்த தேதி அச்சிட்ட பையாகப் பார்த்து எடுங்கள். ‘இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும்’ என்பது மட்டும் இருந்தால் அது எப்போது வறுத்தது என்பதைச் சொல்லாது. வறுத்த தேதியிலிருந்துதான் காபியின் வயதைக் கணக்கிட வேண்டும்.

பையின் மேல்பக்கம் சின்னதாகப் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது ஒருவழி வால்வு. உள்ளே சேரும் கரியமில வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் 1900-ல் காற்றை உறிஞ்சி எடுத்த தகர டப்பாவில் காபியை அடைத்து விற்கத் தொடங்கியது. காற்றின் சிக்கல் அதனால் பெருமளவு தீர்ந்தது. ஆனால் புதிதாக வறுத்த காபியை உடனே இறுக்கி அடைத்தால் அது விடும் வாயுவில் டப்பா உப்பிவிடும். அதனால் அடைப்பதற்கு முன் காபியைக் காத்திருக்க வைக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் மணம் போகும். 1960-களில் இத்தாலியின் லூயிஜி கோல்யோ இந்த வால்வைக் கொண்டுவந்த பிறகுதான், வறுத்ததைச் சூடு தணிந்ததும் அடைக்க முடிந்தது.

ஆகவே வால்வும், உள்பக்கம் அலுமினியப் பூச்சும், அழுத்தி மூடும் ஜிப்பும் உள்ள பை ஒரு நல்ல சேமிப்புக் கலம். சாதாரணக் காகிதப் பையில் வந்த காபியை வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். சிலர் பையை அமுக்கி வால்வு வழியாக வரும் வாசனையை முகர்ந்து பார்ப்பார்கள். ஆசை புரிகிறது, ஆனால் வெளியே வருவது கோப்பைக்குப் போக வேண்டிய மணம்.

படி 3: மிகப் புதிய கொட்டைக்குக் கொஞ்சம் ஓய்வு

நேற்று வறுத்ததை இன்று போட்டால்தான் உச்சம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முதல் ஓரிரு நாள்களில் கொட்டை விடும் வாயு அதிகம். வெந்நீர் தூளுக்குள் சீராக இறங்குவதை அந்த வாயு தடுக்கும், சாறு முழுதாக இறங்காது. ஊற்றி வடிக்கும் முறைகளுக்கு வறுத்ததிலிருந்து நாலு முதல் ஏழு நாள் விட்டுப் போட்டால் நன்றாக இருக்கும். அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம்கூடத் தேவைப்படலாம். இளம் வறுவல் மெதுவாக வாயு விடும், அதனால் கூடுதல் நாள். கருவறுவல் துளைகள் அதிகமானது, சீக்கிரம் விட்டுவிடும், சீக்கிரமே பழசாகவும் ஆகும். மேற்பரப்பில் எண்ணெய் மினுமினுக்கும் கருங்கொட்டையை வாங்குகிறவர்கள் மூன்று வாரம் என்ற கணக்கை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓய்வுக் காலம் முழுக்கப் பை மூடியே இருக்கட்டும். தூளாக வாங்கியதற்கு ஓய்வு எதுவும் வேண்டாம்.

படி 4: எதில் வைப்பது?

வந்த பை நல்ல பையாக இருந்தால் கொட்டையை வெளியே கொட்டாதீர்கள். கொட்டும்போது உள்ளே சூழ்ந்திருந்த கரியமில வாயு மொத்தமாகக் கலைந்து, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். பையோடு எடுத்து, பையின் உள்காற்றை அமுக்கி வெளியேற்றி, ஜிப்பை மூடி, மேல்பகுதியைச் சுருட்டி ஒரு கிளிப் போட்டு, அதை அப்படியே ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். செலவில்லாத முறை. விலை கூடிய பல டப்பாக்களைவிட இது நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

டப்பாவில்தான் கொட்டி வைக்க வேண்டும் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, மூடி. உள்வட்டத்தில் ரப்பர் அல்லது சிலிகான் வளையம் இருக்க வேண்டும். டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் காற்றும் நுழையும். இந்தச் சோதனைக்குப் பிறகு டப்பாவை நன்றாகக் காயவிட மறக்காதீர்கள். இரண்டு, பொருள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மூன்றும் நல்லவை. பிளாஸ்டிக் முன்பு இருந்ததன் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காபி எண்ணெயையும் உறிஞ்சும். கண்ணாடி என்றால் இருட்டான அலமாரிக்குள். வெளிச்சம், அதிலும் வெயில், எண்ணெயின் சிதைவை வேகப்படுத்தும். காபியை அழகாக அடுக்கிக் காட்டும் கண்ணாடி ஜாடிகள் சமையலறை மேடைக்கு ஏற்றவை அல்ல.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: அளவு. 250 கிராம் கொட்டைக்கு ஏறக்குறைய 700 மில்லி இடம் வேண்டும். அதை இரண்டு லிட்டர் டப்பாவில் வைத்தால் மேலே ஒரு லிட்டருக்கு மேல் காற்று. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், அந்தக் காற்றை நீங்களே உள்ளே வைத்துத்தான் மூடுகிறீர்கள். காபி குறையக் குறைய இந்த வெற்றிடம் பெருகும். பாதி தீர்ந்ததும் மிச்சத்தைச் சின்ன டப்பாவுக்கு மாற்றினால் நல்லது. இதைவிடச் சுலபம், முதல் நாளே மூன்று சின்ன டப்பாக்களில் கழுத்துவரை நிரப்பி வைத்து ஒவ்வொன்றாகத் திறப்பது. இரண்டு டப்பாக்கள் திறக்கப்படாமல் காத்திருக்கும்போது காபியின் வயது மெதுவாகவே ஏறும்.

வறுத்து ஓரிரு நாளே ஆன கொட்டையைத் திருகுமூடிக் கண்ணாடி ஜாடியில் இறுக்கி அடைக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறும். கம்பிக் கொக்கியும் ரப்பர் வளையமும் உள்ள ஜாடி தேவையானபோது தானே கொஞ்சம் வாயுவை விட்டுக்கொடுக்கும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் டப்பாக்களைப் பற்றி எப்போதும் கேட்பார்கள். உதவும், ஆனால் வீட்டுக் கைப்பம்ப் எல்லாக் காற்றையும் எடுத்துவிடாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுக்காற்று முழுதாக உள்ளே வரும், மறுபடி உறிஞ்ச வேண்டும். மூடியை உள்ளே தள்ளிக் காபியின் மேலேயே உட்கார வைக்கும் வகை டப்பாக்கள் எனக்குப் பிடித்தவை. காபி குறைந்தால் மூடியும் இறங்குகிறது, காற்றுக்கு இடமே இல்லை.

படி 5: எங்கே வைப்பது?

அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரி கைக்கு எட்டும், வசதிதான். ஆனால் அங்கே சூடும் நீராவியும் சேர்ந்து ஏறும். வேதிவினைகள் பொதுவாக 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமெடுக்கும் என்பது பழைய கட்டைவிரல் கணக்கு. அடுப்படி அலமாரிக்கும் அறையின் எதிர்மூலை அலமாரிக்கும் அவ்வளவு வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். ஃபிரிட்ஜின் தலைமேல், பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில், வெயில் விழும் ஜன்னலோரம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். தரைக்கு அருகில், வெளிச்சுவரைத் தொடாத, மூடிய அலமாரி நல்லது. பூண்டு, மசாலா, சோப்பு பக்கத்தில் வேண்டாம்.

ஃபிரிட்ஜ் ஏன் கூடாது?

குளிர் நல்லதுதானே என்று தோன்றும். நானும் ஒரு கோடை முழுக்கக் காபித்தூளை ஃபிரிட்ஜின் கதவுத்தட்டில் வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் தூள் ஓரங்களில் கட்டி தட்டியது, வெந்நீர் ஊற்றினால் காபியோடு இன்னொரு வாடையும் எழுந்தது.

காரணம் நேரானது. 25 டிகிரி சூடும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், சுமார் 17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு வியர்ப்பது இதனால்தான். ஃபிரிட்ஜில் இருக்கும் காபி நாலைந்து டிகிரியில் இருக்கிறது. வெளியே எடுத்துத் திறந்ததும் அதே வியர்வை தூளின் ஒவ்வொரு துகள்மேலும் படியும். மூடி மறுபடி உள்ளே வைத்தால் அந்த ஈரமும் உள்ளேயே தங்கும். நாளைக்கு இரண்டு தடவை என்றால் மாதத்தில் அறுபது தடவை. அதோடு ஃபிரிட்ஜில் இருக்கும் எல்லா வாடையையும் காபி பிடித்துக்கொள்ளும். தினம் திறந்து எடுக்கிற காபியை ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள்.

ஃப்ரீஸர்: சரியாகச் செய்தால் நல்லது

ஃபிரிட்ஜுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஃப்ரீஸரைப் பரிந்துரைப்பது முரணாகத் தெரியலாம். வித்தியாசம் வெப்பநிலையில் மட்டும் இல்லை, பயன்படுத்தும் விதத்திலும் இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் ஆக்ஸிஜனின் வேலையும் மணம் ஆவியாவதும் மிகவும் மந்தமாகிவிடும். ஆனால் ஃப்ரீஸர் காபி தினமும் திறக்கிற காபியாக இருக்கக் கூடாது. மூடி உள்ளே போன பொட்டலம் ஒரே ஒரு தடவைதான் வெளியே வர வேண்டும். இதைக் கடைப்பிடிக்க முடியும் என்றால் மாதக்கணக்கில் காபியைக் காக்கலாம்.

செய்முறை இது. கொட்டைக்கு வேண்டிய ஓய்வு முடிந்து, சுவை நன்றாக இருக்கும் நாளில் உறைய வையுங்கள். பழசான பிறகு வைத்தால் பழசைத்தான் காப்பாற்றுவீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, தடித்த ஜிப் பைகளில் போட்டு, காற்றை முடிந்தவரை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். ஸ்ட்ரா செருகி மிச்சக் காற்றை உறிஞ்சிவிட்டுச் சட்டென்று மூடினால் இன்னும் நல்லது. அந்தச் சின்னப் பைகள் எல்லாவற்றையும் இன்னொரு பெரிய பைக்குள் போடுங்கள். உறைபனி சேராத வகை ஃப்ரீஸர்கள் அவ்வப்போது தாமே சூடேறி இறங்கும். இந்த இரண்டாவது பை அந்த ஏற்ற இறக்கத்தையும் வாடையையும் தடுக்கும். பிரிக்காத முழுப் பையையே வைப்பதானால் வால்வின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், அதையும் ஒரு ஜிப் பைக்குள் போடுங்கள். எல்லாவற்றின் மேலும் வறுத்த தேதி, உறைய வைத்த தேதி இரண்டையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எந்தப் பை எது என்று உங்களுக்கு நினைவிருக்காது.

எடுக்கும்போது பொறுமை முக்கியம். ஒரு வாரப் பொட்டலத்தை இரவு வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காலையில் திறங்கள். திறப்பதற்கு முன் அது அறையின் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். அப்போது வியர்வை பையின் வெளிப்பக்கம் மட்டும் படியும், துடைத்துவிடலாம். திறந்த பிறகு அது சாதாரணக் காபி. அலமாரியில் வைத்துத் தீர்க்க வேண்டியதுதான், மறுபடி ஃப்ரீஸருக்குப் போகக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு, சிரத்தை உள்ளவர்களுக்கு. ஒரு கோப்பைக்கு வேண்டிய கொட்டையை மட்டும் சின்னச் சின்னக் குப்பிகளில் நிறுத்து அடைத்து உறைய வைப்பது. வேண்டியபோது ஒரு குப்பியை எடுத்து உடனே, உறைந்த நிலையிலேயே அரைத்துவிடலாம். வியர்க்க நேரமே இருக்காது. குளிர்ந்த கொட்டை அறைச் சூட்டுக் கொட்டையைவிடச் சீராகவும் நைசாகவும் உடைகிறது என்று 2016-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதனால் வழக்கமான அரவை அளவை ஒரு புள்ளி பெரிதாக்கிப் பாருங்கள். அதே அளவில் அரைத்தால் கசப்பு ஏறலாம்.

படி 6: தினசரிப் பழக்கம்

கரண்டி உலர்ந்திருக்க வேண்டும். கழுவித் துடைக்காத கரண்டியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு நீர் போதும், தூளில் கட்டி விழ. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவிக்கு மேலே டப்பாவைத் திறந்து பிடிக்காதீர்கள். எடுத்ததும் மூடுங்கள், தண்ணீர் கொதிக்கும்வரை டப்பா திறந்து கிடப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாகத் திறப்பதைக் குறைக்க, கொட்டையைக் கோப்பை அளவாகக் காலையிலேயே நிறுத்துச் சின்னக் குப்பிகளில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

காபி அரைக்கும் மெஷினின் மேல்கிண்ணத்தைச் சேமிப்புப் பாத்திரமாக நினைக்க வேண்டாம். அதன் மூடி காற்றை அடைக்காது, பெரும்பாலும் ஒளிபுகும் பிளாஸ்டிக், கீழே மோட்டார் சூடு. அன்றைக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள். பற்களின் இடுக்கில் தங்கும் பழைய தூளும் அடுத்த கோப்பையில்தான் வந்து சேரும்; வாரம் ஒரு முறை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

தூளாக வாங்குகிறவர்களுக்கு

மேலே சொன்னவை எல்லாம் தூளுக்கும் பொருந்தும், இன்னும் கண்டிப்பாக. வீட்டுக்கு வந்த அன்றே இரண்டாகப் பிரியுங்கள். மூன்று நாலு நாளைக்கு வேண்டியது ஒரு சின்ன டப்பாவில், தினம் திறக்க. மிச்சம் சின்னப் பொட்டலங்களாக, காற்றை அமுக்கி மூடி, தொடாமல். அந்த மிச்சம் ஒரு வாரத்துக்கு மேல் போகும் என்றால் பொட்டலங்களாகவே ஃப்ரீஸரில் வைக்கலாம். விதி அதேதான்: அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறப்பது, திறந்ததைத் திருப்பி வைக்காதது. தூளைக் கரண்டியால் அழுத்தி நிரப்பினால் துகள்களுக்கு நடுவே காற்று குறையும்.

சிக்கரி கலந்த தூள் ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். கட்டி தட்டுவது அதில்தான் முதலில் தெரியும். மூடியின் இறுக்கத்தில் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இன்ஸ்டன்ட் காபியின் எதிரி ஈரம் ஒன்றுதான் என்றே சொல்லலாம். வாயில் ஒட்டியிருக்கும் தாளை முழுதாகக் கிழித்தெடுத்துவிட்டு மூடியை இறுகத் திருகுங்கள், உலர்ந்த கரண்டி, அவ்வளவே. ஆவி வரும் கோப்பைக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துக் கொட்டுவதுதான் அது இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம். அலுமினியக் காப்ஸ்யூல்கள் தனித்தனியாக அடைக்கப்பட்டவை. சூடு படாத இடத்தில் வைத்தால் போதும்.

வறுக்காத பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்கிறவர்களுக்குக் காலம் தாராளம். அதில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும், அதுவே ஏறாமலும் இறங்காமலும் இருக்க வேண்டும். குளிர்ந்த, வெளிச்சமில்லாத இடத்தில் பல மாதம் நன்றாக இருக்கும். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இருப்பது புதுசா பழசா?

மூக்கைத்தான் முதலில் நம்ப வேண்டும். அட்டைப்பெட்டி வாசம், பழைய வேர்க்கடலையின் சிக்கு, மெழுகு மாதிரியான ஒரு வாடை, இவற்றில் எது வந்தாலும் நாள் கடந்துவிட்டது என்று பொருள். அடுத்தது வெந்நீர் சோதனை. தூளின் மேல் அது நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் பாருங்கள். புதுக் காபி குமிழ்விட்டு மேலெழும்பும். பழையது சேறு மாதிரி அசையாமல் கிடக்கும். முன்பே அரைத்து வந்த தூள் வாயுவைப் பெரும்பாலும் இழந்திருக்கும், அதனால் இந்தச் சோதனையில் தோற்றதை வைத்து அதைத் தள்ளிவிடக் கூடாது.

கொட்டைக்கு இன்னொன்று: ஒரு பிடியை ஜிப் பையில் போட்டுக் காற்றை முழுதாக அமுக்கி மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பை உப்பியிருந்தால் கொட்டை இன்னும் வாயு விடுகிறது. தட்டையாகவே இருந்தால் வயதாகிவிட்டது, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பூஞ்சையோ நனைந்த முடை நாற்றமோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

படி 7: தீர்ந்த டப்பா

பழைய காபியின் மேல் புதுக் காபியைக் கொட்டி நிரப்புவது சிக்கனம் போலத் தோன்றும். அடியில் இருப்பது ஒவ்வொரு முறையும் அடியிலேயே தங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் பழசாகி, புதுசையும் கெடுக்கும். மிச்சம் இரண்டு கரண்டி இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

காலி டப்பாவின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசுக்கு இருக்கும். அது காபி எண்ணெய். புதுக் காபியின் முதல் நாளிலேயே சிக்கு வாடை வந்தால் பெரும்பாலும் இந்தப் பிசுக்குதான் காரணம். வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கால் மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் போய்விடும். மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றி அதன் பள்ளத்தைத் துடையுங்கள், அங்கேதான் தூள் அதிகம் தங்கும். வாசனைச் சோப்பு வேண்டாம். கழுவியதும் துணியால் துடைத்ததோடு நிறுத்தாமல், மூடியும் வளையமும் டப்பாவும் தனித்தனியாக ஓர் இரவு காயட்டும். அடுத்த பையை அதற்கு மறுநாள் பிரிக்கலாம்.